வட்டப்பாரையின் வால்துண்டு

1

நான் பொறாமைக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட வேண்டாம்.

நார்வேக்கு வந்து இந்த ஜனவரியோடு பதினாறு வருடம் ஆகிவிட்டது. பெர்கன் நகரத்தில் வீடு, ஆய்வகத்தில் நிரந்தர வேலை, என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்ட ஒரு மகன். ஊருக்கு வந்தால், "ஒனக்கென்ன மக்கா" என்று பார்க்கிறவர்களெல்லாம் பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். நான் பெருமூச்சு விடுவது ஜெசிந்தாவைப் பார்த்து.

ஜெசிந்தா என்னோடு நாகர்கோவிலில் விலங்கியல் படித்தவள். இராஜாக்கமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரே கடற்கரை ஊர், ஒரே பங்குக் கோயில், ஒரே பஸ். அவள் ஊரிலேயே இருந்துவிட்டாள். காலையில் ஸ்கூட்டரில் கடற்கரைக்குப் போய் வலையில் வந்த மீன்களைப் பார்ப்பாள். ஒன்பதரைக்கு ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துவாள். எங்கள் வகுப்பு வாட்சப் குழுவில் வாரம் ஒரு படம் போடுவாள். ஈர மணலில் எட்டு வகை மீன், ஒரு ஓரத்தில் அவளுடைய செருப்பு. கீழே, "இண்ணைக்கு வந்தது" என்று ஒரு வரி.

அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்கு வேலை ஓடாது. எங்கள் ஆய்வகத்தில் கோடி கோடியாக விலை கொடுத்து வாங்கிய இயந்திரங்கள் இருக்கின்றன, மீன்தான் இல்லை. நம் கடல் மீனின் ஒரு செதில்கூட அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே வர முடியாது. நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. இரண்டு முறை விண்ணப்பித்தேன். முதல் முறை பதில் இல்லை. இரண்டாம் முறை, இணைப்பு மூன்றில் முத்திரை இல்லை என்று திரும்பி வந்தது. அந்தப் படிவத்தில் விண்ணப்பதாரர் யார் என்ற கட்டத்தில் 'வெளிநாட்டவர்' என்பதை நான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நான் பிறந்த வீட்டிலிருந்து அந்தக் கடல் முந்நூறு அடி. ஜெசிந்தாவுக்கு எந்தக் கட்டமும் இல்லை, குனிந்து எடுத்தால் போதும்.

2

என் வேலை என்ன என்று ஊரில் கேட்டால், மீனுக்குச் சொந்தக்காரர்களைத் தேடிக் கொடுக்கிற வேலை என்பேன்.

எந்த உயிரணுவை எடுத்தாலும் அதற்குள் மைட்டோகாண்ட்ரியா என்று சின்னஞ்சிறு அடுப்புகள் உண்டு. அவற்றுக்கென்று தனி மரபணுத் தொகுதி ஒன்று இருக்கிறது, வளையமாக. மீன்களில் ஏறக்குறைய பதினாறாயிரத்து ஐந்நூறு எழுத்து, முப்பத்தேழு மரபணு. அது பொதுவாகத் தாயிடமிருந்து மட்டும்தான் வரும், தகப்பனுக்கு அதில் பங்கு இல்லை. தலைமுறைகள் போகப் போக எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக மாறும். இரண்டு மீன்களின் வளையங்களை அருகருகே வைத்து மாற்றங்களை எண்ணினால் அவை எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்று கணக்கிடலாம். நூறு மீன்களுக்குச் செய்தால் ஒரு வம்ச மரம் கிடைக்கும். வளையம் மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடாது, மிகப் பழைய கிளைகளில் அது தடுமாறும். ஆனாலும் முகச்சாயலை நம்புவதைவிட நல்லது.

முகச்சாயலை நம்பி ஏமாந்த கதைகள் நிறைய உண்டு. வெள்ளை வாவலும் கறுப்பு வாவலும் அக்கா தங்கை என்றுதான் நாம் நினைக்கிறோம், பெயரே அப்படித்தானே வைத்திருக்கிறோம். வெள்ளை வாவல் சூரைக்கும் நெய்மீனுக்கும் சொந்தம். கறுப்பு வாவல் பாரை வீட்டுப் பிள்ளை. நெய்மீன் மாதிரி நீண்டு பல்லைக் காட்டுகிற சீலா, நெய்மீனைவிடத் தரையில் ஒட்டிக்கிடக்கும் நாக்குமீனுக்குத்தான் அதிக நெருக்கம். இதைச் சொன்னால் எங்கள் ஊரில் யாரும் நம்ப மாட்டார்கள்.

என் மகன் ஆல்வினுக்கும் இதில் அக்கறை இல்லை. அவனுக்கு மீன் என்றால் முள்ளும் தோலும் தலையும் இல்லாத வெள்ளைத் துண்டு. நான் தமிழில் கேட்பேன், அவன் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வான். கோபம் வந்தால் நான் அவன் மொழியில் தொடங்கி எங்கள் ஊர்ப் பேச்சில் முடிப்பேன். இரண்டாம் பாதி அவனுக்குப் புரியாது, அதனால் அவன் மேல் கோபப்படுவதே வீணாகிவிடுகிறது. ஜெசிந்தா அனுப்பும் குரல் செய்திகளைக் கேட்டால், "இவங்க ஏன் பாடுறாங்க?" என்று கேட்பான். ஜெசிந்தாவின் மகள் கல்லூரியில் நடந்ததையெல்லாம் அம்மாவிடம் கொட்டுகிறாளாம். அதையும் நான் குறித்து வைத்திருக்கிறேன்.

3

நான் நார்வேக்கு வருவதற்கு இரண்டு வருடம் முந்தைய ஒரு காலையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும்.

அன்று நானும் ஜெசிந்தாவும் மீன் மாதிரி எடுக்க எங்கள் கடற்கரைக்குப் போயிருந்தோம். பாரையில் எத்தனையோ வகை. நான் தேடியது ஒரு வகையை. அதன் உண்மைப் பெயரைச் சொன்னால் துறையில் இருப்பவர்களுக்கு என்னைத் தெரிந்துவிடும், அதனால் வட்டப்பாரை என்று வைத்துக்கொள்கிறேன். அதைப் போலவே இருக்கும், கொஞ்சம் நீண்ட இன்னொன்றுக்கு நெட்டப்பாரை.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஏலத்தில் மீனை எடுத்த பெண் அந்த இடத்திலேயே அதன் வாலில் ஒரு துண்டு வெட்டிவிடுவாள். ஒருத்தி மேல் வாலில் வெட்டுவாள், ஒருத்தி கீழ் வாலில், ஒருத்தி நடுவில் கொத்தி எடுப்பாள். அதன்பிறகு எல்லா மீனும் ஒரே ஐஸ் பெட்டியில் சந்தைக்குப் போனாலும் சண்டை வராது. வெட்டைப் பார்த்தால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

நான் கத்தியோடு குனிந்ததும் பிரகாசி மைனி என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். ஊருக்கே மைனி, அதாவது அண்ணி; எங்கள் தெருவில் மீன் விற்றுப் பிள்ளைகளைக் கரையேற்றியவள். அன்று பாரை ஏலம் அவளுக்குத்தான் கிடைத்திருந்தது.

"ஏட்டி, மீன்ல கத்திய வெச்சிராத. ஒனக்க வெட்டு விழுந்தா இது ஆருக்க மீனுன்னு சந்தையில கேப்பாவ. நான் என்ன சொல்லட்டும்?"

"ஒரு நகக்கண்ணு அளவு போதும் மைனி."

"வெட்டுனது மண்ணுல கெடக்குல்லா. அதப் பெறக்கிக்கோ."

பொறுக்கினேன். மணலில் பத்துப் பதினைந்து வால்துண்டுகள் கிடந்தன. ஜெசிந்தா என் தோளைத் தொட்டாள்.

"ஏட்டி, ரெண்டு பாரையும் ஒண்ணாத்தான் கெடக்கு. துண்ட மீனுக்க வால்ல ஒட்டிப் பாத்து எடு. இல்லேன்னா நாளைக்கு வரலாம்."

"எனக்குத் தெரியாதா? பஸ்சுக்கு நேரமாச்சு."

"வெப்ராளப்படாத. படமாவது எடுத்துக்கோ."

படம் எடுக்கவில்லை. மைனியிடம், "இது அந்த வட்டமா இருக்கதுதானே?" என்று கேட்டேன். "பாரைதான்" என்றாள் மைனி. அவளுக்கு இரண்டும் ஒரே விலை. கெடாமலிருக்கச் சாராயம் ஊற்றிய குப்பியில் போட்டு, 'வட்டப்பாரை' என்று எழுதி ஒட்டினேன். சாராயத்தில் கிடந்து மறுநாளே எல்லா வாலும் வெளுத்துவிட்டது.

அந்தத் துண்டுகளில் ஒன்றிலிருந்து ஒரு முழு வளையத்தையும் படித்தோம். கறுப்பு வாவலுக்கு மிக நெருங்கிய உறவு வட்டப்பாரைதான் என்று என் கட்டுரை சொன்னது. எழுத்துத் தொடர் உலகத்துக்கே பொதுவான தரவுத்தளத்தில் என் பெயரில் ஏறியது. அதைக் காட்டித்தான் இங்கே ஆய்வு மாணவி இடம் வாங்கினேன். இடம் ஒன்று, விண்ணப்பித்தது நாங்கள் இரண்டு பேரும். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் ஜெசிந்தாவின் பெயரைப் போட்டேன், பொடி எழுத்தில்.

4

இந்த ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஓர் ஆய்விதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. எங்கள் தொழிலில் ஒரு கட்டுரை அச்சாவதற்கு முன் அதே துறையைச் சேர்ந்த இரண்டு பேர் அதைப் படித்து மதிப்பிட வேண்டும். எழுதியவருக்கு மதிப்பிடுபவர் யாரென்று தெரியாது. தெற்குக் கடல் பாரைகளின் வம்ச மரம் பற்றி ஒரு கட்டுரை, பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எழுதியவர் ஜெசிந்தா.

அவள் வேலையோடு சேர்த்துப் பகுதிநேரமாக முனைவர் பட்டம் செய்கிறாள் என்று எனக்குத் தெரியும். பதிவு மார்ச் கடைசியோடு காலாவதி ஆகிறது, கட்டுரை ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். பட்டம் இல்லாதவர்களை அடுத்த கல்வியாண்டில் வைத்துக்கொள்ள மாட்டோம் என்று கல்லூரி சொல்லிவிட்டது. குழுவில் யாரோ கேட்டதற்கு அவளே எழுதியிருந்தாள். "வந்தா உண்டு, இல்லேன்னா வீட்ல இருக்க வேண்டியதுதான்."

மின்னஞ்சலோடு ஒரு படிவம். 'கட்டுரையாசிரியரோடு உங்களுக்குத் தனிப்பட்ட பழக்கம் உண்டா?' பதினாறு வருடமாகக் குடியேற்றம், குடியுரிமை, மகனின் பள்ளி என்று எத்தனையோ படிவங்களில் மூன்று முறை சரிபார்த்துக் கட்டம் நிரப்பியவள் நான். ஒரு தேதி பிசகினால்கூட முழுப் படிவத்தையும் முதலிலிருந்து நிரப்புவேன். இந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று ஒரே சொடுக்கில் போட்டேன். அவள் எழுதியதை எல்லோருக்கும் முன்னால் நான் படிக்க வேண்டும், அதில் குறை கண்டுபிடிக்க வேண்டும். அதற்காகத்தான் போட்டேன்.

கட்டுரை நன்றாக இருந்தது. வயிற்றெரிச்சல் வரும் அளவுக்கு நன்றாக இருந்தது. ஒவ்வொரு மீனையும் முழுதாக விலை கொடுத்து வாங்கி, அளந்து, படம் எடுத்து, அதன்பிறகுதான் வாலில் கத்தி வைத்திருக்கிறாள். வட்டப்பாரையில் மட்டும் ஏழு மீன். ஏழும் மரத்தில் ஒரே கொத்தாக, கறுப்பு வாவலுக்கு வெகு தூரத்தில் இருந்தன. எட்டாவதாகத் தரவுத்தளத்திலிருந்து எடுத்த ஒரு வட்டப்பாரை மட்டும் தனியாகப் போய், கறுப்பு வாவலுக்குப் பக்கத்தில், நெட்டப்பாரைகளோடு உட்கார்ந்திருந்தது. அந்த எட்டாவதின் பதிவு எண் எனக்கு மனப்பாடம்.

அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தாள். முந்தைய பதிவின் மீன் அடையாளம் மறுபரிசீலனைக்கு உரியது, அவ்வளவுதான்.

5

தப்பு அவளுடையது என்று நிரூபிக்கப் புறப்பட்டேன். பழைய இயந்திரம், ஒரே மேசை, ஒரு மீனின் சதை இன்னொன்றில் கலந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். மூன்று வாரம் ஆய்வக வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு அவளுடைய ஏழு வளையங்களையும் எழுத்தெழுத்தாக வைத்துப் பார்த்தேன். எங்கும் கலப்பு இல்லை. பிறகு என்னுடையதை எடுத்தேன். வேறு கடல்களிலிருந்து வேறு ஆட்கள் பின்னாளில் பதிவு செய்த நெட்டப்பாரைகளோடு ஒப்பிட்டேன். ஏறக்குறைய ஒன்றுதான். வளையம் முழுக்க விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வித்தியாசம்.

அன்று மதியம் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து மணலில் கிடந்த வால்துண்டுகளை நினைத்துக்கொண்டேன். எனக்கு இந்த வேலை, இந்த வீடு, இந்தக் கடவுச்சீட்டு எல்லாம் கிடைத்தது ஒரு நெட்டப்பாரையின் வாலால். மீனோடு ஒட்டிப் பார் என்று சொன்னவள் ஊரில் இருக்கிறாள்.

உடனே மதிப்புரையை எழுதி அனுப்பியிருந்தால் நான் ஓரளவு நல்லவள் என்று நீங்கள் சொல்லலாம். நான் அனுப்பவில்லை. அவள் கட்டுரை வெளிவந்தால் என் பழைய கட்டுரை விழும். அதை மேற்கோள் காட்டியவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். பிப்ரவரி முழுதும் சும்மா இருந்தேன். ஆய்விதழிலிருந்து இரண்டு நினைவூட்டல் வந்தது. நான் ஒன்றும் செய்யாமல் இருந்தாலே மார்ச் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது.

ஜெசிந்தா வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமைதோறும் குரல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாள். கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கியது, மகளைக் கூட்டிக்கொண்டு சிதறால் மலை ஏறி மூச்சு வாங்கியது, கோயில் திருவிழாக் கமிட்டியில் நடந்த சண்டை. கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. யார் கையில் அது இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதல்லவா என்று நான் நினைத்துக்கொண்டேன். பதிலுக்கு, இங்கே பனி கொட்டுகிறது என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் முதல் வாரம் உட்கார்ந்து, நிராகரிக்கலாம் என்று எழுத ஆரம்பித்தேன். ஆமாம், அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் நிராகரிக்கக் காரணம் எழுத வேண்டும், காரணத்துக்குச் சான்று காட்ட வேண்டும். ஒவ்வொரு வாக்கியமாக எழுதிப் பார்த்தேன். மாதிரிகள் போதாது என்று எழுதினால் அவளுடையது ஏழு, என்னுடையது ஒன்று. மீன் அடையாளம் சந்தேகத்துக்குரியது என்று எழுதினால் அவளிடம் படம் இருக்கிறது, என்னிடம் இல்லை. ஒரு பொய்கூட நிற்கவில்லை. நாலு பத்தியையும் அழித்துவிட்டு அழுதேன். ஆல்வின் வாசலில் வந்து நின்று, என்ன ஆயிற்று என்று அவன் மொழியில் கேட்டான். என் வேலையில் ஒரு தப்பு என்றேன். "அதைத் திருத்த முடியாதா?" என்று கேட்டுவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பால் எடுத்துக்கொண்டு போனான்.

6

ஏற்கலாம் என்று எழுதினேன். தரவுத்தளத்துக்கு எழுதினேன். ஒரு பதிவை அதைப் போட்டவரைத் தவிர வேறு யாரும் திருத்த முடியாது. அதற்கும் ஒரு படிவம், அதற்கும் காரணம் கேட்டார்கள். 'மீனைப் பார்க்காமல் வாலை எடுத்தேன்' என்று எழுத முடியாதே, அடையாளப் பிழை என்று போட்டேன்.

கடைசியாக ஆய்விதழ் ஆசிரியருக்கு எழுதினேன். அந்தக் கட்டத்தில் நான் பொய் சொன்னேன், கட்டுரையாசிரியர் என் தோழி, தவறான பதிவு என்னுடையது. இதை எழுதியதும் என் மதிப்புரையைத் தள்ளிவிட்டு வேறு ஆளைத் தேடினால் மார்ச் போய்விடுமே என்ற பயம் பிடித்துக்கொண்டது. எழுதாமல் இருந்தால் நான் தப்பிப்பேன், எழுதினால் அவள் மாட்டுவாள். அரை மணி நேரம் யோசித்துவிட்டு அனுப்பினேன். பொய்யோடு ஏற்ற கட்டுரை பின்னால் ஒருநாள் அவள் தலையில்தான் விழும்.

மறுநாள் ஆசிரியரிடமிருந்து நாலு வரியில் பதில் வந்தது. நாங்கள் கூடப் படித்தவர்கள் என்பதைக் கட்டுரையை அனுப்பும்போதே கட்டுரையாசிரியர் தெரிவித்துவிட்டார். பழைய பதிவு என்னுடையது என்பதால், அதைச் சரிபார்க்கத் தகுந்தவள் நான்தான் என்று என் பெயரைப் பரிந்துரைத்ததும் அவரே. என் 'இல்லை'யைக் கைத்தவறு என்று எடுத்துக்கொண்டார்களாம். இன்னொரு மதிப்பீட்டாளர் ஏற்கலாம் என்று முன்பே எழுதியிருந்தார். கட்டுரை ஏற்கப்பட்டது.

ஜெசிந்தாவுக்கு ஃபோன் செய்தேன். எடுத்ததும் கரையின் இரைச்சல் கேட்டது.

"எனக்க பேர நீதான் குடுத்தியா?"

"ஆமா. இப்பதான் தெரியுமா?"

"எதுக்குட்டி?"

"பேப்பர் வந்த பெறகு வேற எவனாவது ஒன்னப் பிடிச்சா அசிங்கம்லா. அதுக்கு முந்தி நீயே சொல்லிட்டா அது திருத்தம். அதுக்கு ஒனக்கு ஒரு எடம் வேணும்லா."

யாரோ விலை கூவுவது கேட்டது.

"ரெண்டு மாசம் நான் ஒண்ணும் எழுதாம அனங்காம கெடந்தேனே. நீ ஒரு வார்த்த கேக்கல்லியே ஜெசி."

"கேட்டா பெறகு நீயா செஞ்சதா ஆவாது."

"ஒனக்குப் பயமா இல்லியா?"

"இருந்துது. மார்ச் பெறந்த பெறகு ஒறக்கம் வரல்ல. எனக்க மவளட்ட ஒன்னப் பத்திச் சொன்னேன். அவ எழுதுவா, ஆனா பைய எழுதுவா. வெசனம் தீரட்டும்னு."

"எழுதாம இருந்திருந்தா?"

"வேலை போயிருக்கும். வேற என்ன." பிறகு என்னிடமில்லாமல் வேறு யாரிடமோ, "மைனி, அத இங்க வையும்" என்றாள். "சவத்த வுடு. ஃபோன வைக்கட்டா? காலேஜுக்கு நேரமாச்சு."

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். மார்ச் முடிய மூன்று நாள் இருந்தபோது அலுவலகத்தில் முத்திரை விழுந்த படத்தைக் குழுவில் போட்டாள். எல்லோரும் கைதட்டும் பொம்மைகளை அனுப்பினார்கள், நானும் அனுப்பினேன். என் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டுப் பழைய கட்டுரை பற்றி விசாரித்தார், திருத்தம் வெளியிடச் சொல்லியிருக்கிறார். வேலை போகாது. ஆனால் கூட்டங்களில் நான் பேசும்போது எல்லோரும் கொஞ்சம் கூடுதலாகக் கவனிக்கிறார்கள்.

அவளுடைய கடலைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், மீனைப் பார்த்தும் மகளைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். இப்போது வேறு ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது, இது முந்தையதைவிட மோசம். தன் வேலையை என் கையில் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கிழங்குக் கதையும் மலைக் கதையும் பேசிக்கொண்டிருந்தாளே, அந்த நெஞ்சு எனக்கு எங்கே போனாலும் கிடைக்காது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அவள் பெயரைக் கொடுத்திருக்க மாட்டேன்.